பாக்கெட்டில் வந்த தாள்கள்

தையலக்கா ஒரு கால்சட்டையின் இடுப்புத் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பிளேடு நுனியால் நூலை நிமிண்டி, இழுத்து, ஊதித் தள்ளுவது அவள் வழக்கம். மூன்று தெருக்காரர்களின் இடுப்பும் தோளும் அவளுக்கு மனப்பாடம். யார் இளைத்தார் என்பது வீட்டாருக்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிடும். வெளியே மூச்சுவிட்டதில்லை.

அதனால்தான் மருத்துவமனை நர்ஸம்மா அவளைத் தேடி வந்தார். மனநலப் பிரிவில் என்ன மாற வேண்டும் என்று கேட்கும் தாள்கள் நாற்பதும் ஒரு பூட்டுப் பெட்டியும் கொண்டுவந்தார். தைத்த துணியோடு ஒவ்வொரு தாளாகக் கொடுத்தால் போதும், எழுதியதைக் கடையில் வைத்த பெட்டியில் போடுவார்கள், பெயர் எழுத வேண்டியதில்லை என்றார்.

"பெட்டி காலியா வந்தா, இங்க யாருக்கும் ஒரு குறையும் இல்லன்னு மேல எழுதிடுவாங்கக்கா."

குறை தையலக்காவின் வீட்டிலேயே இருந்தது. கணவர் இருபது வருடம் பஸ் ஓட்டியவர். புதன்கிழமை மாத்திரை வரிசை மருத்துவமனை வாசலில், பஸ் நிறுத்தத்துக்கு நேர் எதிரே நிற்கும். கூட வேலை பார்த்தவர்கள் ஜன்னல் வழியே கையசைத்துவிட்டுப் போவார்கள். அது பொறுக்காமல் மூன்று மாதமாக அவர் போகவில்லை. மாத்திரை நின்றது, தூக்கம் போனது, பேச்சும் குறைந்துகொண்டே வந்தது. அவள் போய்க் கேட்டாள். ஆளைப் பார்க்காமல் தர முடியாது என்றுவிட்டார்கள். அந்த வரிசை மாறாதவரை அவர் அசையப்போவதில்லை.

தாள்களைக் கொடுக்கத் தொடங்கிப் பதினைந்து நாள் கழித்துப் பெட்டியைக் குலுக்கிப் பார்த்தாள். யாரோ போட்ட பொத்தான் ஒன்று உருண்டது. கடையில் நாலு பேர் பார்க்க அதில் தாள் போட யாருக்கு மனசு வரும்? மறுநாள் நர்ஸம்மா வந்துவிடுவார். தைக்க வந்த துணி மட்டும் மலையாகக் குவிந்து கிடந்தது.

பிரித்து முடித்த கால்சட்டையின் பாக்கெட்டைத் திருப்பினாள். நாலாக மடித்த தாள் விழுந்தது. இரண்டு பக்கமும் எழுத்து. யாருடைய கால்சட்டை என்று நினைவு வந்ததும் படிக்காமல் மடித்தாள். அடுத்த சட்டையிலும் ஒன்று. பாவாடைக்கு ஏது பாக்கெட்? நாடா போகும் மடிப்புக்குள் சுருட்டிச் செருகியிருந்தார்கள். இப்படி முப்பது சேர்ந்தது.

துணிகளைப் புரட்டிப் பார்த்தாள். ஒன்றுகூடத் தானாகக் கிழிந்ததில்லை. நல்ல ஓரத்தைப் பல்லால் கடித்து நூல் பிரித்திருந்தார்கள். கணக்கு வாத்தியார், மீன்கடைக்காரி, வாய் ஓயாத பேங்க் அம்மா. இத்தனை வருஷம் நெஞ்சைச் சுற்றி டேப் வைத்தவளுக்கு அதற்குள் இருந்த வலி அகப்படவே இல்லை.

குவியலின் அடியில் கணவரின் சட்டை. பொத்தான் ஒன்று கத்தரியால் நறுக்கப்பட்டிருந்தது; பாக்கெட்டில் முப்பத்தோராவது தாள். கடையில் இருந்த தாள்கட்டில் எப்போது ஒன்றை உருவினாரோ! அதை மட்டும் படித்தாள்: 'கட்டடத்துக்குப் பின்பக்கம் ஒரு கதவு இருக்கிறது. அதைத் திறந்தால் வருவேன்.'

காலையில் எல்லாத் தாளையும் ஒரே மாதிரி மடித்து, கலைத்துப் பெட்டிக்குள் போட்டாள். நர்ஸம்மா பெட்டியைத் தூக்கிக் கனம் பார்த்துவிட்டு இடுப்பில் இடுக்கிக்கொண்டார்.

"பின்கதவுச் சாவி யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்டதான்க்கா. ஆனா உத்தரவு இல்லாம..."

"உத்தரவு மெதுவா வரட்டும். இன்னைக்குப் புதன்கிழமை, திறங்க." நர்ஸம்மா சாவிக்கொத்தைத் தேடி எடுத்தார்.

வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சட்டையை நீட்டினாள். "பொத்தான் வச்சாச்சு. பின்கதவு திறந்திருக்கு."

அவர் போட்டுக்கொண்டு கிளம்பினார். அவர் சந்து திரும்பும்வரை பார்த்திருந்துவிட்டு, தையலக்கா கடைக்கு வந்து, வேண்டுமென்றே பிரித்த துணிகளை ஒவ்வொன்றாகத் தைத்து வைத்தாள்.