ஊர் பெயர் இல்லாத பை

எங்கள் பேஸ்பால் அணியின் உடைமாற்றும் அறையை இருபத்தெட்டு வருடமாகப் பார்த்துக்கொள்பவர் ஆர்லன் ஸ்டுட்ஸ்மன். துவைப்பது, ஷூ துடைப்பது, சாப்பாடு வரவழைப்பது எல்லாம் அவர் பொறுப்பு. ஒரு வீரரை வேறு அணிக்குக் கைமாற்றிவிட்டால் அவருடைய சாமான்களை நீளப் பையில் கட்டி அனுப்புவதும் அவர்தான். அதனால் ஜூலைக் கடைசியில், கைமாற்றக் கெடு முடிகிற நாளன்று, அவர் தண்ணீர் குடிக்கப் போனால்கூட யாராவது கேட்பார்கள்: "என்ன பெருசு, இன்னைக்கு யாரை வழியனுப்பப் போறீங்க?"

இரண்டு வருடமாகப் பேரம் முடியும் முன்பே செய்தி பத்திரிகைகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. குளிர்காலத்தில் புதிதாக வந்த துணை மேலாளர் ப்ரெஸ்காட் யாரையும் குற்றம் சொல்லவில்லை. கீழ்த்தளத்தில் ஒரு கேமரா மட்டும் வந்தது. ஆர்லன் தினமும் காலையில் அதற்கு வணக்கம் சொல்வார்.

இந்த வருடம் எல்லோர் வாயிலும் அன்செல்மோ. எங்களுடைய பெரிய அடி ஆள். சீசனோடு அவன் ஒப்பந்தம் முடிகிறது. இப்போதே கைமாற்றினால் இரண்டு இளம் பந்துவீச்சாளர்கள் கிடைப்பார்கள். வைத்துக்கொண்டால், சீசன் முடிந்ததும் ஒரு வருட ஒப்பந்தம் தர முன்வரலாம். அவன் அதை மறுத்து வேறு அணிக்குப் போனால், அடுத்த கோடையில் புதுமுகங்களைத் தேர்ந்தெடுக்கும்போது ஈடாக எங்களுக்குக் கூடுதலாக ஒரு வாய்ப்பு. மேலே எந்தப் பக்கம் சாய்கிறார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை.

கெடு நாள் காலையில் ப்ரெஸ்காட் தானே கீழே வந்தாராம். எனக்கு இது பிறகுதான் தெரியும்.

"ஆர்லன், இன்னைக்கு ஆட்டத்துல அஞ்சாவது இன்னிங்ஸ் முடிஞ்சதும் அன்செல்மோ பையைக் கட்டிடுங்க. உங்களுக்கு மட்டும்தான் சொல்றேன்."

"எந்த ஊருக்கு?"

"அதை அப்புறம் சொல்றேன்."

ஊர் தெரியாமல் ஆர்லன் இதுவரை ஒரு பையும் கட்டியதில்லை. முதலில் சீட்டில் ஊரை எழுதுவார், பிறகுதான் பையைத் திறப்பார். அவருக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்கிறது.

நான் டிக்கெட் பிரிவில் வேலை பார்க்கிறேன். மதியச் சாப்பாடு அவரோடுதான். அன்று சாண்ட்விச்சைத் தொடாமல் தன் செல்போனை என் பக்கம் தள்ளினார்.

"ஆறு மணி வரைக்கும் இது உங்ககிட்ட இருக்கட்டும்."

"எதுக்கு?"

"கேக்காதீங்க. நீங்க கேட்டா நான் சொல்லிடுவேன். சொன்னா வேலை போயிடும்."

"யார் வேலை?"

"முதல்ல என்னோடது."

அந்த 'முதல்ல' எனக்குப் பிடிக்கவில்லை. என் விசா புதுப்பிக்க வேண்டிய வருடம் அது. இருந்தாலும் போனை வாங்கிக்கொண்டேன். அவர் கேமராவுக்கு நேர் கீழே முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஐந்தாவது இன்னிங்ஸ் முடிந்தது. பையைத் தொடவில்லை.

ஏழாவது இன்னிங்ஸில் ஓடும்போது அன்செல்மோவுக்குத் தொடை பிடித்துக்கொண்டது. பயிற்சியாளர் அவனை வெளியே அழைத்தார். வேறொரு நாளாக இருந்தால் யாராவது ஐஸ் கொடுத்திருப்பார்கள். அன்று, அவனைக் கைமாற்றிவிட்டார்கள் என்று நினைத்து, பெஞ்சில் இருந்த மொத்த அணியும் எழுந்து கட்டிப்பிடித்தது. தனக்குத் தெரியாதது இவர்களுக்குத் தெரிந்துவிட்டது போல என்று அவனும் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொருவரையாகத் தழுவினான். டிவியில் மூன்று முறை காட்டினார்கள். அரை மணி நேரத்தில் ஊரே அவன் போய்விட்டதாகச் சொன்னது.

ஆறு மணிக்குக் கெடு முடிந்தது. யாரும் போகவில்லை. அன்செல்மோவை வைத்துக்கொண்டு, அடுத்த கோடையின் ஈட்டை நம்புவதென்று முடிவு. போனைத் திருப்பிக் கொடுக்க நான் கீழே போனபோது ப்ரெஸ்காட் ஆர்லன் பெயர் எழுதிய ஒரு கவரோடு நின்றுகொண்டிருந்தார்.

"உங்களுக்கு மட்டும்தான் சொன்னேன், ஆர்லன். அதே பேர் ஊர் முழுக்க."

"பை மடிச்ச மடிப்புக் கலையல, பாருங்க. நான் உட்கார்ந்ததை உங்க கேமரா பார்த்துச்சு. என் போன் மத்தியானத்துலேருந்து இவர்கிட்ட."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். போனை மேசையில் வைத்தேன்.

"அப்போ ஏன் கட்டிப்பிடிச்சாங்க?" என்றார் ப்ரெஸ்காட்.

"கெடு நாள்ல யாரை உட்கார வெச்சாலும் கட்டிப்பிடிப்பானுங்க. போன வருஷம் மூக்குல ரத்தம் வந்தவனைக் கட்டிப்பிடிச்சு சட்டையெல்லாம் ரத்தம். நான்தான் துவைச்சேன். நீங்க புதுசு."

பயண ஏற்பாடுகளைப் பார்க்கும் டார்லீன் அப்போதுதான் உள்ளே வந்தாள். "அன்செல்மோவா? எங்கிட்ட நம்ம வீரர் லென்ஹார்ட்டுக்கு டிக்கெட் போடணும், உனக்கு மட்டும்தான் சொல்றேன்னீங்களே?" என்று ப்ரெஸ்காட்டைக் கேட்டாள்.

ப்ரெஸ்காட் கவரை இரண்டாக மடித்துக் கோட்டுக்குள் வைத்தார். "நாளைக்கு வழக்கமான நேரத்துக்கு வாங்க" என்றார். மாடிப்படியில் அவர் காலடி ஓய்ந்த பிறகு ஆர்லன் சொன்னார்:

"ஆளுக்கு ஒரு பேர் சொல்லியிருக்கான். எந்தப் பேர் வெளிய வருதுன்னு பார்க்க."

"போனா போகட்டும்," என்றாள் டார்லீன். "உனக்கு வேலை இருக்குல்ல?"

"இன்னைக்கு இருக்கு. அந்தக் கவரை அவன் கிழிக்கலையே, பார்த்தியா? மடிச்சுத்தான் வெச்சான்."

ஈரத் துண்டுகளைப் பொறுக்கிக் கூடையில் போட ஆரம்பித்தார்.