கிரீஸ் வைத்த கேமரா

என் அக்கா மைதிலியின் வீட்டுக்காரர் தீனதயாளன் மாமா, திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் லாரியில் டிரில்லர். எட்டு மாதம் சத்தீஸ்கரில் பூமியைத் துளைப்பார். மழைக்கு ஊர் திரும்பினால், மகள் அறிவுமதி பிள்ளை பிடிப்பவனைக் கண்டதுபோல வீறிடுவாள். இந்தத் தடவை பழக ஒரு மாதம். பழகியதும் கிளம்பும் நாள் வந்துவிட்டது.

"போட்டோ புடிச்சு வெச்சுட்டுப் போறேன். தெனமும் காட்டுங்க, என்னைய மறக்கமாட்டா."

போன் ஆகாது. அதில் அப்பன் முகத்தைத் தள்ளிவிட்டுக் கார்ட்டூனுக்குப் போய்விடுவாள். போர்வெல்லில் தண்ணீர் வந்த சந்தோஷத்தில் சத்தீஸ்கர் வாத்தியார் ஒருவர் மாமாவுக்குக் கொடுத்த பழைய ஃபிலிம் கேமரா இருந்தது. சேலத்தில் ஒரே ஒரு ரோல் வாங்கி, மாமாவே மாட்டினார். மூடும் முன் ஃபிலிம் சுற்றும் உருளைக்கு ஒரு விரல் கிரீஸ்.

"அதெதுக்குங்க மாமா?"

"சுத்தறது எதுக்கும் கிரீஸ் வெக்கோணும். பத்தாவது ஃபெயிலு, உனக்கு என்ன தெரியும்?"

படம் எடுப்பது நான். மூன்று தடவை லீவரை இழுத்தும் இடப்பக்கக் குமிழ் அசையவில்லை. அது சுற்றினால்தான் ஃபிலிம் நகர்கிறது என்று அர்த்தம், வீடியோவில் பார்த்திருக்கிறேன். ஃபெயில் என்றாரே! வாயைத் திறக்கவில்லை.

"மாமா, ஆட்டுக்குட்டியத் தோள்ல போடுங்க." போட்டார். "ஒத்தக்கால்ல நில்லுங்க." நின்றார்.

"அடியே, எங்கூட்டுக்காரரு என்ன கொக்கா?" என்றாள் அக்கா.

நாற்பது தட்டினேன். "முப்பத்தாறு ரோல்ல நாப்பது! கம்பெனிக்காரன் நல்லவன்" என்று மாமா பூரித்தார்.

அப்போது அறிவுமதி அவர் மீசையைப் பிடித்து இழுத்து, பிறந்ததிலிருந்து முதல் தடவையாக "ப்பா" என்றாள்.

கண்ணில் நீர் முட்ட, "எடு புள்ள, எடு!" என்றார் மாமா, அசையாமல்.

எனக்குச் சிரிப்பு நின்றுபோனது. "மாமா... ஒண்ணுமே விழுகலீங்க. மொதல்லயே தெரியுமுங்க."

கேமராவைத் திறந்தார். கிரீஸில் வழுக்கி வெளியே கிடந்தது ஃபிலிம் நுனி.

"அப்பறம் ஏன்டி ஒத்தக்கால்ல நிக்க வெச்ச?"

"பத்தாவது ஃபெயிலுங்க."

பனியன் துணியால் உருளையைத் துடைத்தேன். நுனியை அதன் பிளவில் செருகி, ஓரத்து ஓட்டைகள் பல்லில் உட்காரச் சுற்றி, மூடி, லீவரை இழுத்தேன். இடக்குமிழ் சுற்றியது.

"வந்துருச்சு!" போர்வெல்லில் தண்ணீர் பீறிட்டதுபோல மாமா கத்தினார். அதில் மிரண்டு வீறிட்ட அறிவுமதி, அவரை ஏற்றிப்போக லாரி வரும்வரை ஓயவில்லை.

கழுவி வந்த முப்பத்தாறிலும் அழுகிறாள். கடைசிப் படத்தில் அவளைச் சிரிக்கவைக்க மாமா ஒற்றைக்காலில் நிற்கிறார். யாரும் சொல்லவில்லை, அவராகவே.

அதைத்தான் தினமும் காட்டுகிறேன். அறிவுமதியும் ஒரு காலைத் தூக்குகிறாள். தொப்பென்று விழுந்து, படத்தைத் தொட்டு, "ப்பா" என்கிறாள்.