ரோலாவில் இரண்டு மயில்கள்

ஷார்ஜா ரோலாவில் துபாய் பஸ்ஸுக்கான வரிசை நகரவே மாட்டேன் என்கிறது. நியூ ஜெர்சியில் பிறந்து, இப்போது லீவுக்கு என்னோடு ஊர் சுற்ற வந்திருக்கும் என் மகளின் கையில் மாம்பழ ஜூஸ். அதை வைத்தே பிள்ளையார், முருகன் கதையை ஆரம்பிக்கிறேன். அமெரிக்கப் பிள்ளைக்குப் புரியவேண்டுமே என்று விசில், ஃபினிஷ் லைன் எல்லாம் சேர்த்திருக்கிறேன். உலகத்தை முதலில் சுற்றி வருகிறவருக்குப் பழம். முருகன் மயிலேறிப் பறக்கிறான். அண்ணன் அப்பா அம்மாவைச் சுற்றிவிட்டுப் பழத்தை வாங்கிக்கொள்கிறார்.

“நாட் ஃபேர்! அப்பாவே ரெஃப்ரியா இருக்கலாமா?” என்கிறாள் மகள்.

முன்னால் நிற்பவர் கட்டட வேலை சைட் சட்டையோடு வெடுக்கென்று திரும்புகிறார். “பாப்பா சொல்றதுதாண்ணே நியாயம். எங்கண்ணன் முதுகுளத்தூர்லயே அப்பா அம்மாவச் சுத்திக்கிட்டு இருந்தான், வீடு அவனுக்கு. நான் சவுதி, கத்தார், இப்ப இங்க. லீவுகூட மாஃபி, கெடையாது!”

“பெத்தவங்கதான் உலகம்னு அர்த்தம்...” என்று இழுக்கிறேன்.

“ஒங்க அப்பா அம்மா யாருகிட்டண்ணே இருக்காங்க?”

“மதுரையில. அண்ணன்கிட்ட.”

“அப்ப நீங்களும் மயில் பார்ட்டிதான்!” என்று தோளில் தட்டுகிறார்.

பஸ் வருகிறது. மயில்கள் இரண்டும் முட்டி மோதி ஏறுகிறோம். என் சட்டையைப் பிடித்தபடி கூடவே ஏறும் மகள், மாம்பழ ஜூஸைக் கடைசிச் சொட்டுவரை உறிஞ்சுகிறாள்.