இடுப்பில் எட்டு நட்டு

தர்மபுரத்தில் வீரையாவின் கைக்கு ஒரு பெயர் இருந்தது. செத்தல் மிளகாய் மூட்டையை ஒரு பக்கமாகத் தூக்கிப் பார்த்து, "நாப்பத்திரண்டு கிலோ, சாக்கோட" என்று அவன் சொன்னால், விசுவமடுச் சந்தைத் தராசும் பிறகு அதையேதான் சொல்லும். எழுபத்தேழில் ஒரு தகரப் பெட்டியோடு மலைநாட்டிலிருந்து வந்து, காடு வெட்டி, மிளகாயும் கச்சான் கடலையும் போட்டு, முப்பது தாண்டிய பிறகு கமலேஸ்வரியைக் கட்டியவன். ஊரார் மிளகாயில் ஒரு கிராம் பிசகாத இந்த மனிதன், பெற்ற பிள்ளையின் நிறையில் கள்ளம் செய்தான். அந்தக் கதையை எடுத்தால் இன்றைக்கும் அவனுக்குக் காது சிவந்துவிடும்.

கமலேஸ்வரி பிள்ளைத்தாச்சியாக இருந்தபோது ஆளுக்கொரு புத்தி சொன்னார்கள். முட்டை சூடு என்றார்கள். கீரை வாயு என்றார்கள். நிறையச் சாப்பிட்டால் பிள்ளை பெருத்துப் பிரசவம் கஷ்டமாகும் என்றார்கள். வீரையா எல்லாருடைய பேச்சையும் கேட்டு எல்லாச் சாப்பாட்டையும் நிறுத்தினான். கடைசியில் அந்தப் பெண்ணுக்கு மிஞ்சியது சோறும் ரசமும்தான். குடும்பநல மருத்துவமாது இராசமலர் ஒருநாள் சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு உள்ளே வந்து சட்டியைத் திறந்து பார்த்தாள்.

"வீரையா அண்ணை, மிளகாய்க் கண்டுக்குப் பசளை போடாமல் விடுவியளோ?"

"அதெப்படிங்க மிஸ்ஸி? காய்க்காதே."

"அப்ப இவவுக்கு மட்டும் ஏன் போடாமல் விட்டனீங்கள்?"

அதற்குப் பிறகு வீட்டில் முட்டையும் முருங்கையிலையும் வந்தன. ஆனால் காலம் பிந்திவிட்டது. நிசாந்தினி இரண்டு கிலோ நூறு கிராமில் பிறந்தாள். நர்ஸ் சொல்வதற்கு முன்பே, கையில் வாங்கிய கணத்திலேயே அது அவனுக்குத் தெரிந்தது. வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் கை பொய் சொல்லக்கூடாதா என்று அவன் ஏங்கினான்.

மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடக் கொட்டிலில் கிளினிக் நடக்கும். கூரை வளையில் தராசு தொங்கும். பிள்ளைகளைத் துணிப்பைக்குள் கால் வெளியே தொங்க இருத்தி, கொளுவி, நிறுப்பார்கள். பிறகு இராசமலர் பிள்ளையின் வளர்ச்சி அட்டையில் ஒரு புள்ளி வைத்துப் பழைய புள்ளியோடு கோடிழுப்பாள். பச்சை நிறத்துக்குள் கோடு போனால் பிள்ளை நல்லம். மஞ்சளுக்குள் இறங்கினால் தாய்க்குப் பேச்சு விழும். பரீட்சை முடிவு பார்ப்பதுபோல் பெண்களெல்லாம் ஒருத்தியின் அட்டையை மற்றவள் எட்டிப் பார்ப்பார்கள். பக்கத்துக் காணிக் கணபதியின் மகன் மதுசனுடைய கோடு பச்சையின் உச்சியில் ஏறிக்கொண்டிருந்தது. நிசாந்தினியின் கோடு மஞ்சளில் படுத்துக் கிடந்தது.

மெலிந்த பிள்ளைகளுக்குக் கிளினிக்கில் திரிபோசா என்ற சத்துமா கொடுத்தார்கள். அதைச் சீனி போட்டுக் குழைத்தால் நல்ல வாசம். ருசி பார்க்கிறேன் என்று வீரையா காலைத் தேத்தண்ணியோடு ஓர் உருண்டை எடுப்பான். காலையில் பார்த்த ருசி சரிதானா என்று பின்னேரமும் ஓர் உருண்டை எடுப்பான். இரண்டு மாதத்தில் அவனுக்குக் கன்னம் வைத்தது. பிள்ளை அப்படியே இருந்தது. கமலேஸ்வரிதான் கிளினிக்கில் பேச்சு வாங்கி, வீட்டுக்கு வந்து குசினிக்குள் இருந்து அழுதாள்.

அவள் அழுவதை வீரையாவால் தாங்க முடியவில்லை. மா தின்பதை விட்டிருக்கலாம், அந்த யோசனை அவனுக்கு வரவில்லை. பழைய உழவு மெசினில் கழற்றிய நட்டு நினைவு வந்தது. ஒன்று சரியாக நூறு கிராம். நிறுக்கும்போது சட்டை, காப்பு எல்லாம் கழற்றச் சொல்லும் இராசமலர், நேர்த்திக்கடனுக்குக் கட்டியதில் மட்டும் கைவைக்கமாட்டாள். வீரையா இரண்டு நட்டைத் தேங்காய்ப் பொச்சில் பொதிந்து, மஞ்சள் துணியில் முடிந்து, கிளினிக் போகும் காலையில் பிள்ளையின் இடுப்பில் கட்டினான்.

"இது என்னண்ணை?"

"முனியாண்டி கோயில் மண்ணுங்க மிஸ்ஸி. கிளினிக் போற நாள்ல கட்டுறதா நேத்தி."

கோடு எழும்பியது. அடுத்த மாதம் இன்னும் எழும்பவேண்டுமே! இரண்டு நட்டுக் கூடியது. அதற்கடுத்த மாதம் இன்னும் இரண்டு. பொய்யை எலிக்குஞ்சளவில் தொடங்கியவனுக்கு, மாதாமாதம் அதற்கும் தீன் போடவேண்டியதாயிற்று. மூன்றாம் மாதம் இராசமலர், "கோடு நல்லா வந்திட்டுது. இனி மா வேண்டாம். இருக்கிறது கொஞ்சம், மெலிஞ்ச பிள்ளையளுக்குக் குடுக்கோணும்" என்றாள். வீரையாவின் தேத்தண்ணி அன்றே வெறுமையாகிவிட்டது. நான்காம் மாதம் எட்டு நட்டு. முடிச்சு விளாம்பழம் அளவுக்கு வந்தது. பையில் இருத்தியபோது 'கிணுங்' என்றொரு சத்தம்.

"மண் என்னண்ணை சத்தம் போடுது?"

"துடியான சாமிங்க மிஸ்ஸி."

அட்டையில் எட்டு கிலோ நூறு விழுந்தது. அன்று கமலேஸ்வரியின் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும். வீட்டுக்கு வந்ததும் முடிச்சை அவிழ்த்துச் சாமிப் படத்துக்குக் கீழே வைத்தாள். வெள்ளிக்கிழமை அதற்கு விளக்கேற்றிக் கற்பூரம் காட்டினாள். உழவு மெசின் நட்டை அவள் கண்மூடிக் கும்பிடுவதைப் பார்த்து வீரையா முற்றத்துக்குப் போய்விட்டான்.

பத்தாம் நாள் நிசாந்தினிக்கு வயிற்றோட்டம் பிடித்தது. ஒருநாள் பார்த்தார்கள். மறுநாள் விடிய, வீரையா சைக்கிளை உழக்க, பின்னால் கமலேஸ்வரி பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருக்க, ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். டொக்டர் பிள்ளையை நிறுத்தார். ஆறு கிலோ தொள்ளாயிரம். அட்டையைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"பத்து நாளிலை ஒரு கிலோ இருநூறு குறைஞ்சிட்டுது. உடம்பிலை தண்ணியே இல்லை எண்டு அர்த்தம். உடனை சேலைன் ஏத்தோணும். மிஸ், தலைமயிரை வழியுங்கோ, தலையிலைதான் நரம்பு பிடிக்கலாம். எத்தினை போத்தல் இருக்கு?"

"ஒண்டுதான் டொக்டர். பிரசவத்துக்கெண்டு வைச்சது."

சண்டையால் மருந்துச் சாமான் வராத காலம். அந்த ஒரு போத்தலையும் எடுக்க நர்ஸ் திரும்பினாள். கமலேஸ்வரி, "என் முனியாண்டியே, கட்டுன மண்ணு காப்பாத்தலியே" என்று தலையில் அடித்துக்கொண்டாள். வாயைத் திறந்தால் வீரையாவின் மானம் போகும். திறக்காவிட்டால் பிள்ளையின் தலையில் ஊசி ஏறும், யாரோ ஒரு தாய்க்கு வைத்த போத்தலும் போகும். அவன் டொக்டருடைய மேசையைப் பிடித்துக்கொண்டான்.

"டொக்டர் ஐயா, அந்த எட்டு கிலோ நூறுல எண்ணூறு கிராம் பிள்ளையோடது இல்லீங்க."

"பின்னை ஆருடையது?"

"உழவு மெசினோடதுங்க."

அவன் எல்லாவற்றையும் சொன்னான். அந்தச் சூட்டோடு மா உருண்டையையும் சொன்னான். டொக்டர் சிரிப்பதா அடிப்பதா என்று தெரியாமல் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பிள்ளையின் வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தார். நாக்கைப் பார்த்தார். கரண்டியில் தண்ணீர் கொடுத்துப் பார்த்தார். பிள்ளை ஆவலோடு குடித்தது.

"அப்ப உண்மையான நிறை ஏழு கிலோ முந்நூறு. நானூறு கிராம்தான் குறைஞ்சிருக்கு. போத்தலை வையுங்கோ மிஸ். ஜீவனித் தூளைத் தண்ணியிலை கரைச்சுக் குடுப்பம். குடுக்கிறது இவர்தான், ஒவ்வொரு கரண்டியாய், பின்னேரம் வரைக்கும்."

வீரையா கொடுத்தான். கை மரத்தது; விடவில்லை. மூன்றாம் நாள் பிள்ளை சிரித்தது. கமலேஸ்வரி மட்டும் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் படத்துக்குக் கீழிருந்த முடிச்சை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

"நான் விளக்கேத்துன சாமி இது. சும்மா விட முடியாது. உங்க இடுப்புல கட்டுங்க. புள்ள ஏழு முந்நூறுக்கு மேல நூறு நூறா ஏற, ஒண்ணொண்ணா அவுக்கலாம். அதுவரைக்கும் கழட்டக்கூடாது."

அடுத்த கிளினிக் செவ்வாயன்று இராசமலர் சிவப்புப் பேனையால் பழைய புள்ளிகளை வெட்டி உண்மையான புள்ளிகளை வைத்தாள். கோடு கிணற்றுக்குள் விழுந்ததுபோல் இறங்கியது. பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். வீரையா தலை குனிந்து நின்றான். மா திரும்பவும் கிடைத்தது. அவன் இப்போது வெறுந்தேத்தண்ணிதான் குடித்தான். மாவோடு முட்டை, பயறு, கீரை என்று மிஸ்ஸி சொன்னதையெல்லாம் மசித்து, பிள்ளைக்குத் தன் கையாலேயே ஊட்டினான். கொத்தும்போதும் தண்ணீர் இறைக்கும்போதும் இடுப்பில் 'கிணுங் கிணுங்' என்றது. சந்தையில் கணபதி, "சாமி வாறார், வழி விடுங்கோ" என்று கத்துவான். பட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

முதல் மாதம் இரண்டு நட்டு அவிழ்ந்தது. மழை மாதத்தில் பிள்ளைக்குச் சளி, தடிமன் வந்து ஒன்றும் அவிழவில்லை. பிறகு ஒன்று, பிறகு மூன்று. ஐந்தாம் மாதம் தராசு முள் எட்டு கிலோ நூறில் நின்றபோது, "இன்னொருக்கா நிறுங்க மிஸ்ஸி" என்று அவனே கெஞ்சினான். இராசமலர் பிள்ளையின் இடுப்பையும் அவனுடைய சேட்டுப் பையையும் தடவிப் பார்த்துவிட்டு இரண்டாம்முறையும் நிறுத்தாள். எட்டு கிலோ நூறுதான்.

அந்த இடத்திலேயே, எல்லாப் பெண்களும் பார்க்க, கமலேஸ்வரி அவன் இடுப்பிலிருந்த கடைசி இரண்டு நட்டையும் அவிழ்த்தாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது. வீரையா நிசாந்தினியைப் பையிலிருந்து தூக்கினான். கை கனத்தது.