வலிக்காத ஒரு மணி நேரம்

தாராவியில் தோல்பை தைக்கும் அக்தர் பானுவுக்கு ஆறு வருஷமாக வலது தோளில் வலி. எடுத்த ஸ்கேன் எல்லாம் நார்மல். அந்தச் சொல்லைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். தோளில் முன்பு பட்ட காயம் எப்போதோ ஆறிவிட்டது, நரம்புகள்தான் இன்னும் பயந்து கூச்சல் போடுகின்றன, மனசு தளர்ந்தால் வலியும் தளரும் என்றார் டாக்டரம்மா.

"அப்ப நான் நடிக்கேனா?" என்று எழுந்து வந்துவிட்டாள்.

உல்லாஸ்நகரில் ஒரு கல்யாணம். யாருடைய குழந்தையோ வீறிட்டு அழ, அக்தர் பானு அதைத் தூக்கி வலது தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே ஹாலைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். குழந்தை தூங்கிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது, ஒரு மணி நேரமாக வலியே இல்லை. டாக்டரம்மா சொன்னது நிஜம்தான் போல.

எதிரே நாத்தனார் அஸ்ரின் வந்தாள். "என்ன மயினி, இன்னைக்குத் தோளு வலிக்கலையா?"

வலிக்கவில்லை என்று சொன்னால் ஆறு வருஷமும் பொய்யாகிவிடும். நாளைக்கு வலித்தால் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். அக்தர் பானு குழந்தையை இடது தோளுக்கு மாற்றினாள்.

"உசுரு போகுது" என்றாள்.

சொல்லி முடிப்பதற்குள் வலி வந்துவிட்டது.