பங்குனிக் கடைசியில் ஒரு சறுக்கு

இப்போது எனக்கு மாடிப்படி இறங்குவதே பெரிய காரியம். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து, நின்று மூச்சு வாங்கி இறங்குகிறேன். பேரன் பின்னால் நின்று பொறுமையில்லாமல் செருப்பைத் தேய்க்கிறான். இந்தக் கிழவி ஒரு காலத்தில் மலைச்சரிவில் பனைமட்டையில் உட்கார்ந்து இறங்கியவள் என்றால் நம்பமாட்டான். நானும் சொன்னதில்லை. சொல்ல ஆரம்பித்தால் முழுக்கச் சொல்ல வேண்டும், அதற்குத் தெம்பில்லை. எழுதும்போது யாரும் நம் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பதில்லை என்பதால் எழுதிவிடுகிறேன்.

நகரிக்கும் திருத்தணிக்கும் நடுவே மலையடிவாரத்தில் எங்கள் ஊர். மலைமேல் ஆள் உயரத்துக்குப் புல் வளரும். போதப்புல் என்போம். கூரைக்கு அதைவிட நல்ல புல் கிடையாது. தையில் காய்ந்து, மாசியில் அறுப்பு. அறுத்த கட்டுகளைத் தலையில் சுமந்து அந்த மலையை இறங்கினால் கழுத்து உடம்பில் நிற்காது. அதனால் சரிவில் தள்ளிவிடுவார்கள். காய்ந்த புல் படுத்துக் கிடக்கும் சரிவில் கட்டு வழுக்கிக்கொண்டு அடிவாரம் வந்து சேரும். அப்படிப்பட்ட சரிவுக்குத்தான் சறுக்கு என்று பெயர்.

மாசியில் சறுக்கு தேட வேண்டியதே இல்லை, மலை முழுக்கச் சறுக்குதான். பங்குனி பாதிக்குமேல் நிலைமை வேறு. ஒரு பக்கம் அறுத்து முடித்த புல்லின் அடிக்கட்டை குத்திக்கொண்டு நிற்கும், ஒரு பக்கம் ஆடு மேய்ந்திருக்கும், ஒரு பக்கம் தீ போயிருக்கும். மிச்சம் இருப்பதில் கல் இல்லாததாக, புல் நுனி கீழ்நோக்கிப் படிந்ததாக, முடிகிற இடத்தில் பாறை இல்லாமல் மணலாக இருப்பதாகப் பார்த்து எடுக்க வேண்டும். காலையில் பனி ஈரத்தில் கட்டு நகராது. வெயில் முற்றிவிட்டால் பறந்துபோய் எங்கேயாவது சிதறும். எங்கள் பக்கம் மேற்குப் பார்த்த சரிவு என்பதால் உச்சிவெயில் சாய்கிற அந்த ஒரு மணி, ஒன்றரை மணி நேரம்தான் சரியான நேரம். முதலில் லேசான ஆள் ஒருவர் மட்டையில் இறங்கித் தடம் படிய வைக்கவேண்டும். எங்கள் வீட்டில் லேசான ஆள் நான்தான், எனக்குப் பத்து வயது. சறுக்கு கண்டுபிடிப்பதிலும் எனக்கு நல்ல பேர். அந்தப் பேரில் எனக்கிருந்த கர்வத்தை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

அந்த வருஷம்தான் எல்லைக்கோடு முடிவானது. எங்கள் ஊர் ஆந்திராவில் நின்றுவிட்டது. மலைக்கு அந்தப் பக்கம், அம்மா பிறந்த ஊர், மதராஸோடு போனது. மலைமுகட்டில் நூறு அடிக்கு ஒரு கல் நட்டு வெள்ளையடித்தார்கள். இரண்டு பக்கத்து ஆபீஸிலும் புல் அறுக்கச் சீட்டு யார் கொடுப்பது என்று தெரியாமல் ஆளை மாற்றி மாற்றி அலையவிட்டார்கள். மாசி போயிற்று. பங்குனி நடுவில்தான் எங்கள் நைனாவுக்குச் சீட்டு கிடைத்தது. சீட்டைக் கண்ட சந்தோஷத்தில், அன்றைக்கு நாளும் நன்றாக இருக்கிறது என்று, பழைய கூரையைப் பிரித்துப் போட்டுவிட்டார். எங்கள் ஊரில் எல்லோரும் செய்வதுதான். சீட்டு வந்தால் புல் வந்த மாதிரி. நான்காம் நாள் மலையில் எங்கள் பக்கம் தீ ஏறியது. இரண்டு நாள் எரிந்தது.

அம்மாவுக்கு எட்டு மாதம். நான்கு மண்சுவருக்கு நடுவில் வானத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். பகலில் புளியமரத்தடிக்கு நகர்ந்து உட்காருவாள்.

"புல்லு வூட்டுக்கு வர்றதுக்கு முன்னாலயே கூரையப் பிரிச்ச ஆளு ஒலகத்துல இவுரு ஒருத்தருதான்" என்பாள். திட்டக்கூட அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. கோடைமழை இறங்குவதற்குள், பிள்ளை இறங்குவதற்குள், கூரை ஏறியாக வேண்டும்.

அந்தப் பக்கத்து மலையில் தீ போகவில்லை. புல் அப்படியே நின்றது. ஆனால் எங்கள் சீட்டு அங்கே செல்லாது. அந்தப் பக்கத்துக்குக் காட்டுக் காவலாள் அம்மாவின் தம்பி, என் மாமா. அம்மா இடுப்பில் வைத்து வளர்த்த தம்பி. உத்தியோகம் கிடைத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஒருநாள் காக்கிச் சட்டை போடாமல் வந்தார். கூரையில்லாத வீட்டைப் பார்த்தார், அக்காவின் வயிற்றைப் பார்த்தார். நைனாவைக் கிணற்றுப் பக்கம் கூட்டிப்போய் வெகுநேரம் பேசிவிட்டுத் திரும்பிவந்து என்னைச் சீண்டினார்.

"இன்னாடி, இந்த வருசம் மலை மொத்தமும் கரிக்கட்டையா கீது. உன் சறுக்கு ஒண்ணும் ஆப்டாது போல?"

"ஆப்டும்."

"ஆப்டுச்சுன்னா ஆடிக் கிருத்திகைக்கு உன்ன திருத்தணி கூட்டினு போறேன். பந்தயம்."

நான்கு நாள் தேடினேன். சாம்பலில் நடந்து நடந்து கால் கணுக்கால் வரை கறுத்துப்போயிற்று. தீ கீழிருந்து மேலே ஏறும். நடுவில் அகலமான பாறை வந்தால் இரண்டாகப் பிரிந்து சுற்றிக்கொண்டு போகும். அதனால் பாறைக்கு நேர் மேலே ஒரு பட்டை புல் தப்பித்திருக்கும். இது எனக்குத் தெரியும். ஆனால் அப்படித் தப்பித்த பட்டையெல்லாம் பாறை நுனியில் போய் முடிந்தது. அதில் இறங்கினால் கட்டும் மிஞ்சாது, நானும் மிஞ்சமாட்டேன். நான்காம் நாள் கண்டுபிடித்தேன். ஒரு பட்டை பாறைக்குச் சற்று முன்னால் இடதுபுறம் சாய்ந்து, வறண்ட ஓடை ஒன்றில் இறங்கியது. ஓடை முழுக்க உதிர்ந்த இலை, முழங்கால் உயரத்துக்கு. அது புல்லைவிட வழுக்கும். கடைசியில் மணல். மட்டையை மட்டும் மேலிருந்து விட்டுப் பார்த்தேன். நேராகப் போய் மணலில் குத்தி நின்றது. சாம்பல் மேல் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன்.

அதற்குள் நைனா முகட்டுக்கு அந்தப் பக்கம் அறுத்து நாற்பது கட்டு கட்டி வைத்துவிட்டார். அறுத்த மூன்று நாளும் மதியத்தில் மாமா எல்லைக்கல் பக்கத்து மரத்தடியில் துண்டால் முகத்தை மூடித் தூங்கினார். நல்ல உத்தியோகம்தான் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

கட்டு இறக்கும் நாள் வந்தது. நான் எங்கள் பக்கம் சறுக்கின் தலைமாட்டில் மட்டையோடு காத்திருந்தேன். நைனா வரவே இல்லை. வெயில் சாய ஆரம்பித்த பிறகுதான் முகட்டில் தலை தெரிந்தது. போ என்று கையை வீசினார். போனேன். புல் முதுகுக்குப் பின்னால் சீறியது. பாறை பெரிதாகிக்கொண்டே எதிரில் வந்தது. அந்த இடத்தில் குதிகாலை ஊன்றி உடம்பை இடதுபுறம் சாய்த்தேன். ஓடை என்னை வாங்கிக்கொண்டது. மணலில் உருண்டு எழுந்தபோது வாயெல்லாம் இலைத் தூசி. அப்படி ஒரு இறக்கம் அதற்கு முன்னும் பின்னும் எனக்கு வாய்க்கவில்லை.

பக்கத்து ஒற்றையடிப் பாதையில் மறுபடி மலை ஏறினேன். ஏறும்போதே கட்டுகள் ஒவ்வொன்றாக என் தடத்தில் இறங்குவதைப் பார்த்தேன். பதினான்கு எண்ணினேன். மேலே போய்ச் சேரும்போது நெஞ்சு வெடிக்கிற மாதிரி இருந்தது, பாதி களைப்பு, பாதி பெருமை. எல்லைக்கல் பக்கத்து மரத்தடியில் அன்றைக்கு இரண்டு பேர் படுத்திருந்தார்கள். ஒருவர் மாமா. இன்னொருவர் பூட்ஸ் போட்ட, தொப்பியால் முகத்தை மூடிய, குறட்டை விடும் கனத்த மனிதர். பக்கத்தில் காலியான பெரிய தூக்குவாளி. நைனா பதினைந்தாவது கட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டு அவர்களைத் தாண்டிப் பூனைபோல நடந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கண்ணை உருட்டி உதட்டைக் கடித்தார்.

மாமாவின் தூக்கத்தைக் கெடுக்காதே என்கிறார் என்று புரிந்தது. ஆனால் நான் பந்தயத்தில் ஜெயித்தவள். அதை உடனே சொல்லாமல் எப்படி இருப்பது? பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மாமாவின் கால் கட்டைவிரல் மட்டும் வேகமாக ஆடிக்கொண்டிருந்தது. ஈ மொய்க்கிறது என்று பாவாடையால் விசிறிவிட்டேன். இன்னும் வேகமாக ஆடியது. துண்டை இழுத்தேன். துண்டு வரவில்லை, உள்ளேயிருந்து பல்லால் பிடித்திருந்தார். விளையாடுகிறார் என்று எனக்கு ஒரே குஷி. இடுப்பில் கிள்ளிவிட்டுக் கத்தினேன்.

"மாமா, ஏந்திரு! சறுக்கு ஆப்டுச்சு! நைனா பதினாலு கட்டு எறக்கிட்டாரு!"

எழுந்து உட்கார்ந்தது பூட்ஸ்காரர். அந்தப் பக்கத்து ரேஞ்சர், மாமாவுக்கு மேலதிகாரி, புதிதாக நட்ட கற்களைப் பார்வையிட வந்தவர். அவர் வருவது மாமாவுக்கு அன்று காலையில்தான் தெரிந்திருக்கிறது. தனக்கு வீட்டில் அத்தை கட்டிக்கொடுத்த கறிச்சோறு முழுவதையும் அவருக்கே போட்டு, காற்று வரும் இடமாகப் பார்த்துப் படுக்கவைத்து, தானும் பக்கத்தில் படுத்துக்கொண்டிருக்கிறார். இதெல்லாம் பிற்பாடு நானே சேர்த்துப் பார்த்துக்கொண்டது. யாரும் எனக்குச் சொல்லவில்லை.

"யாருய்யா அது?" என்றார் ரேஞ்சர், நைனாவைக் காட்டி.

மாமா எழுந்து நின்றார். நைனாவைப் பார்க்கவில்லை. "தெரியலீங்க சார். அந்தப் பக்கத்து ஆளு போல."

"இந்தப் பொண்ணு உன்னை மாமாங்குதே?"

"காக்கிச் சட்டையக் கண்டா புள்ளைங்க அப்பிடித்தாங்க கூப்புடும்."

நான் வாயைத் திறந்தேன். நைனா கட்டைக் கீழே போட்டுவிட்டு வந்து என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அழுத்தினார். மூச்சு முட்டியது. "பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. தண்ணி கொண்டாந்துச்சு. அறுத்தது நான்தாங்க" என்றார்.

ரேஞ்சர் கொட்டாவி விட்டார். வேறு ராஜ்யத்து ஆளைப் பிடித்தால் எத்தனை காகிதம் எழுதவேண்டும் என்று யோசித்திருப்பார் போல. ஓடிப் போ என்று கையைக் காட்டினார். கீழே போன பதினான்கு கட்டும் ஆந்திராவுக்குப் போய்விட்டது, அதைத் தொட அவருக்கு அதிகாரமில்லை. மேலே இருந்த இருபத்தாறையும் ஜப்தி செய்து, உத்தரவு வருகிறவரை காவல் இருக்கச் சொல்லி மாமாவிடம் ஒப்படைத்தார். உத்தரவு வரவே இல்லை. தன் அக்கா வீட்டுக் கூரைக்கு மாமா கோடை முழுக்கக் காவல் இருந்தார். மழையில் அது மக்கிக் கறுத்தது.

பதினான்கு கட்டு பாதி வீட்டுக்குத்தான் போதுமானதாக இருந்தது. சித்திரையில் மழை பெய்த அன்று தம்பி பிறந்தான். கூரை இருந்த பாதியில் அம்மா படுத்திருந்தாள், இல்லாத பாதியிலிருந்து தண்ணீர் தரையோடு வந்து பாயை நனைத்தது. நைனா மண்வெட்டியால் வாய்க்கால் வெட்டிக்கொண்டே இருந்தார். தம்பி பிழைத்தான். மாமாவின் உத்தியோகமும் பிழைத்தது. அம்மா மட்டும் அதற்குப் பிறகு தன் பிறந்த ஊருக்குப் போகவில்லை. மாமா இரண்டு முறை வந்து வாசலில் நின்றுவிட்டுத் திரும்பிப் போனார். என் கல்யாணத்துக்கு அவரை அழைக்கவில்லை. ஏன் அன்றைக்கு ரேஞ்சர் விழித்தார் என்பதை அம்மாவிடம் நைனாவும் சொல்லவில்லை, மாமாவும் சொல்லவில்லை. நைனா போன பிறகு, மாமாவும் போன பிறகு, ஒரு பிற்பகலில் சும்மா படுத்திருந்தபோதுதான் எனக்கு அந்தக் கட்டைவிரல் புரிந்தது. அதற்குள் அம்மாவும் இல்லை.

மலையிலிருந்து இறங்கிய அந்தச் சாயங்காலத்தை மட்டும் சொல்லி முடிக்கிறேன். நைனா வழியில் ஓரிடத்தில் நின்று, "கால் நோவுதா?" என்று மட்டும் கேட்டார். எனக்கு மாமாமேல் அடங்காத கோபம். சறுக்கைப் பார்க்கவில்லை, பந்தயத்தை ஒத்துக்கொள்ளவில்லை. புளியமரத்தடியில் இருந்த அம்மாவிடம் ஓடினேன்.

"மாமா நைனாவ யாருன்னே தெரியாதுன்ட்டாரு மா! என்னையும் தெரியாதுன்ட்டாரு!"

அம்மா நைனாவைப் பார்த்தாள். நைனா கையிலிருந்த அரிவாளையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அம்மா, "இனிமே இந்த வூட்டுல அவன் பேச்ச எடுக்காதீங்க" என்றாள்.

அம்மா என் கட்சி என்று எனக்குப் பரம திருப்தி. அவள் மடியில் சாய்ந்துகொண்டு, பாறைக்கு முன்னால் எப்படி இடதுபுறம் திரும்பினேன் என்று விவரமாகச் சொல்ல ஆரம்பித்தேன்.