இரண்டு கிளாஸில் எது புகை

எனக்கு ஸ்கொட்லாந்து மேல் ஒரு கோபமும் கிடையாது. அங்கே இருபது வருடமாகக் குளிரில் கிடக்கிற என் மனைவியின் அண்ணன் மேல்தான் கோபம். மனுசன் கொழும்புக்கு வந்தால் சொக்லேட்டைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்க மாட்டார். யாரையாவது பிடித்து உட்கார வைத்துப் பரீட்சை வைப்பார். இந்த முறை அகப்பட்டது நான். வெள்ளவத்தையில் மனைவியின் தங்கை வீட்டில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால், குசினிக்குள்ளிருந்து இரண்டு கிளாஸ்களைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். இரண்டிலும் ஒரே கறுப்புச் சிவப்பு, ஒரே அளவு நுரை.

"மச்சான், ஒண்டு சாதாரண கறுத்த பியர். மற்றது எங்கட பக்கத்து ஏல், அதுவும் ஒரு வகை பியர்தான். நல்ல கடும் சாமான். பார்லியைப் புகையில காயவைச்சுச் செய்யிறவங்கள். குடிச்சுப் பாத்து எது புகை எண்டு சொல்லும். நீர் நாக்கால சம்பளம் வாங்கிற ஆளெல்லோ!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நான் தேயிலை ருசி பார்க்கிறவன். ஏலத்துக்குத் தேயிலை அனுப்புகிற ஒரு கம்பனியில், வரிசையாக வைத்திருக்கும் கிண்ணங்களிலிருந்து கரண்டியால் தேயிலைச் சாயத்தை உறிஞ்சி, வாய்க்குள் உருட்டி, தொட்டியில் துப்பி, நல்லது கெட்டதைச் சொல்வது என் வேலை. பத்தொன்பது வருடம். மூன்று கிழமைக்கு முன்னால் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போகும்போது என் மூக்கின் மணம் பிடிக்கிற சக்தியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. நாக்கில் உப்பு, புளி, கசப்பு, இனிப்பு நாலும் இருந்தன. மற்றதெல்லாம் வெறும் சுடுதண்ணீர்.

அதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. மனைவிக்கும் சொல்லவில்லை. இதோ வரும், நாளைக்கு வரும் என்று நாளைக் கடத்தினேன். அலுவலகத்தில் கண்ணால் வேலை செய்தேன். ஊறிய இலையின் நிறம், சாயத்தின் பளபளப்பு, பக்கத்தில் நிற்கிறவரின் முகம், இவற்றைப் பார்த்து எழுதிக் கையெழுத்து வைத்தேன். கண்ணால் பிடிக்கவே முடியாத குற்றம் ஒன்று உண்டு. தொழிற்சாலையில் சூளையில் எங்காவது வெடிப்பு விட்டிருந்தால் காய்கிற தேயிலைக்குள் புகை இறங்கிவிடும். அது மூக்குக்கு மட்டும்தான் தெரியும். எங்கள் தொழிலில் புகை என்றால் அந்தத் தேயிலையைத் தள்ளிவைத்துவிடுவோம். இந்த மனுசனோ அதே புகையைப் பெட்டிக்குள் வைத்துக் கடல் தாண்டிக் கொண்டுவந்திருக்கிறார்!

முதல் கிளாஸை எடுத்தேன். பழக்கதோஷம், சர்ரென்று சத்தமாக உறிஞ்சினேன். வீடு அதிரச் சிரித்தார்கள். துப்பத் தொட்டி இல்லாததால் விழுங்கினேன். கசப்பு. தொண்டையில் சூடு. இரண்டாவதையும் உறிஞ்சினேன். கசப்பு, அடியில் கொஞ்சம் இனிப்பு, அதே சூடு. கடும் சாமான் என்றாரே, சூட்டை வைத்தாவது பிடிக்கலாம் என்றால் அதிலும் வித்தியாசம் தெரியவில்லை. இரண்டுமே கடுமையானதாகப் பார்த்துத்தான் ஊற்றியிருப்பார். ஆள் அப்படிப்பட்டவர்.

நிமிர்ந்து முகங்களைப் பார்த்தேன். மனைவியின் தங்கை மூக்கைச் சுளித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அவ்வளவு தூரத்திலிருந்தே மணக்கிறது! ஆனால் எந்தக் கிளாஸைப் பார்த்துச் சுளிக்கிறாள் என்று தெரியவில்லை. காற்றாடி தலைக்கு மேல் சுற்ற, எனக்குக் கழுத்தால் வியர்வை வழிந்தது. பிழையாகச் சொன்னால் ஒரு பகிடியோடு போய்விடும் என்று நினைக்காதீர்கள். எங்கள் கம்பனியில் இந்தக் குடும்பத்துக்குத் தெரிந்தவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். வெள்ளவத்தையில் மத்தியானம் சிரித்த சிரிப்பு பின்னேரத்துக்குள் போனில் கொட்டாஞ்சேனையிலுள்ள அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

"என்ன மச்சான், நாக்குக்கும் இண்டைக்கு லீவோ?" என்று மனைவியின் அண்ணன் சீண்டினார்.

அந்த நேரம் என் மனைவி குசினிக்குள்ளிருந்து கட்லட் தட்டோடு வந்தாள். தட்டை வைத்தாள். இடப்பக்கக் கிளாஸை எடுத்து, மணந்து, ஒரு மிடறு குடித்தாள். கல்யாணம் கட்டி இத்தனை வருடத்தில் அவள் பியர் கிளாஸைக் கழுவக்கூட விரும்பியதில்லை.

"சீ! என்ன கண்றாவி அண்ணா இது? கருவாடு சுட்ட அடுப்புச் சாம்பலைக் கரைச்ச மாதிரி மணக்குது!"

"அடியே, கெடுத்துப்போட்டியே! அவரெல்லோ சொல்லவேணும்!"

"நானும் அதைத்தான் சொல்ல வாயெடுத்தனான்" என்றேன். வாயைத் திறந்த பிறகு நிறுத்தவில்லை. முதலில் கருகிய சீனி, நடுவில் புகை, கடைசியில் பழைய மரப்பெட்டி வாசம் என்று மூன்று நிமிடம் அளந்தேன். மச்சான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். சந்தோசத்தில் அந்த ஏலில் மிச்சமிருந்த நாலு போத்தலையும் பையில் போட்டு எனக்கே தந்துவிட்டார்.

வீட்டுக்குப் போகும் ஓட்டோவில் போத்தல்கள் அவள் காலடியில் முட்டிக்கொண்டு வந்தன. கொள்ளுப்பிட்டி தாண்டியதும் அவள் ரோட்டைப் பார்த்தபடி கேட்டாள்.

"எப்ப இருந்து?"

"என்ன எப்ப இருந்து? விசர்க்கதை கதையாத."

"வியாழக்கிழமை பால் கருகி வீடு முழுக்க மணத்தது. பக்கத்து வீட்டு மனுசி ஓடிவந்து கதவைத் தட்டினவ. நீங்கள் அடுப்படிக்குப் பக்கத்தில இருந்து பேப்பர் படிச்சுக்கொண்டிருந்தனீங்கள்."

நான் எரிந்து விழுந்தேன். வேவு பார்க்கிறாயா என்று கேட்டேன். ஓட்டோக்காரர் கண்ணாடியில் ஒருமுறை பார்த்தார். அவள் சத்தம் போடவில்லை.

"இண்டைக்கு நான் பக்கத்தில நிண்டன். சரி. நாளைக்கு ஒஃபிஸில உங்களுக்கு ஆர் சொல்லித்தரப்போகினம்?"

எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் கையைப் பிடிக்கக்கூடத் தைரியம் வரவில்லை.

திங்கட்கிழமை காலை, கரண்டியைத் தொடாமல் எங்கள் கம்பனிப் பெரியவரிடம் போய்ச் சொன்னேன். அவர் நல்ல மனுசன் என்று யாரும் சொன்னது கிடையாது. "அப்ப மூண்டு கிழமையா நீர் எழுதினது என்ன?" என்று கேட்டார். கண்ணால் எழுதினேன் என்றேன். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவரோ நான் கையெழுத்து வைத்த மாதிரிகள் எல்லாவற்றையும் திரும்ப ஊற்றி, வேறு ஆளை ருசி பார்க்கச் சொன்னார். பகல் சாப்பாட்டுக்குள் புகை பட்ட தேயிலை இரண்டு அகப்பட்டது. அந்தக் கிண்ணங்களை என் பக்கம் தள்ளினார். நான் குனிந்து மணந்தேன். சுடுதண்ணீர்.

"வீட்ட போம்" என்றார். "மாச முடிவில, திங்கட்கிழமை வாரும். மூண்டு கிண்ணம் வைப்பன். புகையைக் காட்டினா உம்மட இடம் உமக்கு. காட்டாட்டி ஸ்டோர்ஸில பெட்டி எண்ணலாம்."

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் மச்சானின் போத்தலில் ஒன்றைத் திறக்கிறோம். அவள் ஊற்றுவாள், நான் மணப்பேன். முதல் ஞாயிறு ஒன்றுமில்லை. இரண்டாம் ஞாயிறும் இல்லை. மூன்றாம் ஞாயிறு, கிளாஸை மூக்கருகே கொண்டுபோனதும் ஏதோ ஒன்று வந்து தொட்டுவிட்டுப் போனது போல இருந்தது. "மணக்குது!" என்று கத்தியே விட்டேன். அவள் சந்தோசப்படவில்லை. என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"உண்மையா வந்த மணமா, ஆசையில வந்த மணமா?"

எனக்குத் தெரியவில்லை. திரும்ப மணந்தேன். இல்லை. இன்னொருமுறை மணந்தேன். இருந்தது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது.

இன்று நாலாம் ஞாயிறு. நாளைக்குப் பெரியவர் கிண்ணம் வைக்கிறார். கடைசிப் போத்தலை அவள் காலையிலேயே மேசையில் எடுத்து வைத்து, பக்கத்தில் திறப்பானையும் கிளாஸையும் வைத்துவிட்டுப் போனாள். மத்தியானம் வந்து "திறக்கட்டே?" என்றாள். கொஞ்சம் பொறு என்றேன். பின்னேரமும் வந்து கேட்டாள். அதையே சொன்னேன். எனக்குப் பயமாக இருக்கிறது. இந்த மூடி கழலாதவரைக்கும் அவளைப் பார்த்து "இல்லை" என்று நான் சொல்லத் தேவையில்லை.